ஐந்தாவது கட்டம்

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டங்கள் இருந்தன. பசுவின் இலக்கம், கன்று பிறந்த நேரம், ஆணா பெண்ணா, எழுந்து நின்றதா, பால் குடித்ததா. கோடுகளை நானே அடிமட்டம் வைத்துப் போட்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்தும் நிரம்பினால்தான் ஒரு வரி முடிந்தது. முடியாத வரி ஒன்று கொப்பியில் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எஞ்சினியராக இருந்த அப்பா டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளைச் சரிபார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம் கிழக்கே, இறைச்சிக்கு மாடு வளர்க்கும் சின்னப் பண்ணை ஒன்றின் பின்பக்க வீட்டில் குடியிருந்தோம். பண்ணைக்குச் சொந்தக்காரி தனியாக வாழ்ந்த ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. எங்கள் பேச்சில் அவர் ‘வீட்டுக்காரி’. அவரிடம் சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக இருபத்திரண்டு பசுக்கள் இருந்தன. ஓகஸ்டில் அவை கன்று போடத் தொடங்கும்போது நாங்களும் ஒரு கண் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னதால்தான் அந்த வீடு கிடைத்தது. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆகவே அந்தக் கண் என்னுடையதாயிற்று.

வீட்டுக்காரி ஐந்தாவது கட்டத்தைப் பற்றி மட்டும் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தாயின் முதல் பால் கன்றின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அந்தப் பாலில்தான் இருக்கிறது. நேரம் தப்பிவிட்டால் பிறகு வாளி வாளியாகக் கொடுத்தாலும் அது உடம்பில் சேராது. கண்ணால் காணாமல் அந்தக் கட்டத்தில் சரி போடாதே என்றார். நான் தலையாட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எனக்குப் பொறுப்பான வேலை தந்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டு கன்றுகள் பிறந்து பன்னிரண்டு வரிகள் நிரம்பின. பதினேழாம் இலக்கம் மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று. அதற்கு முதல் ஈற்று. முதல் கன்று போடாத பசுவை அம்மா ‘நாகு’ என்பார். அம்மா மாடு வளர்த்த வீட்டிலே பிறந்தவர். ஏழு வயதிலிருந்து கறந்தவர். நாகுக்குப் பால் குறைவாகத்தான் இருக்கும், கவனம் தேவை என்று வீட்டுக்காரி அதை எங்கள் குசினிக்கு எதிரே இருந்த தொழுவத்தில் அடைத்துவிட்டு, சனிக்கிழமை பெண்டிகோவிலிருந்த தன் அக்காவைப் பார்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு அது கன்று போட்டது. ஆண் கன்று. ஒன்பது மணிக்கு எழுந்து நின்றது. நான்கு கட்டங்கள் நிரம்பின. ஐந்தாவதுக்காக நான் வேலியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கன்று தாயின் முன்னங்கால்களுக்கிடையே முட்டி முட்டி மடியைத் தேடிக்கொண்டிருந்தது. மடி பின்னால் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் நோபல் பார்க்கிலிருந்து ஓர் அங்கிளும் அன்ரியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அங்கிள் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எஞ்சினியர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவுக்கு அங்கே இடம் கிடைக்கலாம். கிடைக்கலாம் என்ற அந்தச் சொல்லுக்காக அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தார். அந்த அங்கிள்தான் முன்பொருநாள், ஊரை விட்டு வந்த பிறகு கடும்பு தின்னவேயில்லை என்று பெருமூச்சு விட்டவர். கடும்பு என்பது மாடு கன்று போட்டதும் வரும் முதல் பாலில் சீனியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் அவிப்பது. கட்டித் தயிர்போல் இறுகி வரும்.

பத்தரைக்கு அப்பா எனாமல் சாடியுடன் தொழுவத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். நாகைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்துக்குள் தள்ளிப் பூட்டினார்.

“அப்பா, கண்டு இன்னும் குடிக்கேல்லை.”

“குடிக்கும்தானே. ஓடியே போகப்போகுது?”

“ஆறு மணித்தியாலத்துக்குள்ள குடிக்க வேணுமெண்டு வீட்டுக்காரி சொன்னவ.”

“அவவுக்கு என்ன தெரியும், வெட்டுறதுக்கு வளக்கிற மனிசி. நாங்கள் பரம்பரை பரம்பரையா மாட்டோட இருந்த சனம்.”

அப்பாவின் பரம்பரையை நான் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தபால் அதிபர். அவருக்கும் அப்பா பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர். விடுமுறைக்குப் போன மாமி வீட்டில் அப்பா கறக்கப் பழகியிருந்தார். கறக்கத் தெரிந்திருந்தது; எங்கே நிறுத்துவது என்றுதான் தெரிந்திருக்கவில்லை. நான்கு காம்புகளையும் மாறி மாறிக் கறந்தார். சாடி பொங்க மஞ்சளாக நின்றது. மடி சுருங்கித் தொங்கியது.

“திரும்பச் சுரக்கும்” என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பிறகு கொப்பியை எட்டிப் பார்த்தார். “என்ன, அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையா விட்டிருக்கிறாய்? குடிச்சிட்டுது எண்டு போடு. நீ கோடு கீறி முடிக்கிறதுக்குள்ள அது குடிச்சு முடிச்சிடும்.”

அது பகிடி. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். குமிழ்ப் பேனாவால் சரி போட்டேன். பென்சிலாக இருந்திருந்தால் அழித்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

சாடியைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். அம்மா அதை வாங்கி, கரண்டியால் ஒருமுறை கலக்கி, கரண்டியை உயர்த்திப் பிடித்தார். பால் சொட்டவில்லை, கயிறுபோல் இறங்கியது. அம்மா சீனியை அளந்து பக்கத்தில் வைத்தார். அடுப்புக்குக் கேஸைத் திறக்கும் முன், தீக்குச்சியைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஹோல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இஞ்சேருங்கோ, கண்டு குடிச்சதோ?”

“ஓம், ஓம், குடிச்சிட்டுது” என்றார் அப்பா. கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். “நீ சொல்லு பிள்ளை. கண்டு குடிச்சதோ?”

குச்சி எரிந்துகொண்டே வந்தது. நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். “ஓம் அம்மா. எழுதியிருக்கிறன்.”

தீ விரலைத் தொட்டதும் அம்மா குச்சியைக் கையலம்பும் தொட்டிக்குள் போட்டார். பிறகு இரண்டாவது குச்சியைக் கிழித்தார்.

மேசையில் எல்லோரும் கடும்பைப் புகழ்ந்தார்கள். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு முதல் கரண்டியை விழுங்கினார்.

“தம்பி, ஆறு வருசம்” என்றார் அப்பாவிடம். “ஆறு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய்க்கு ஒரு சாப்பாடு.”

அன்ரி தட்டைச் சரித்துப் பார்த்தார். கடும்பு அசையவில்லை. “என்ன தங்கச்சி, இவ்வளவு இறுக்கமா வந்திருக்கு? சோளமாவைக் கலந்துபோட்டு எங்களைப் பேய்க்காட்டுறீரோ?”

“இல்லை அக்கா, தானா இறுகினது” என்றார் அம்மா. தனக்கு வயிறு சரியில்லை என்று அவர் கடும்பைத் தொடவில்லை.

அங்கிள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, ஜன்னலால் தொழுவத்தைக் காட்டிச் சொன்னார். “இந்தச் சனத்தைப் பாருங்கோ. கண்டைத் தடவித் தடவி வளத்துப்போட்டு வெட்டித் தின்னும். என்ன மனசோ.”

“நாங்கள் மாடு தின்னாத சனம் அண்ணை” என்றார் அப்பா, வாயில் கரண்டியுடன். மீதியை ஒரு டப்பாவில் போட்டு அன்ரியிடம் கொடுத்தார்கள்.

சாயந்தரம் தொழுவத்துக்குப் போனேன். கன்று மடியைக் கண்டுபிடித்திருந்தது. சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது, மறுபடி சப்பியது. திங்கட்கிழமை பால் ஊறி நன்றாகவே குடித்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்பா சொன்னது சரி என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை கன்றுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. அன்று மத்தியானம் திரும்பி வந்த வீட்டுக்காரி ஒரு குழாயை அதன் தொண்டைக்குள் விட்டு உப்புச் சீனித் தண்ணீர் ஊற்றினார். அம்மா அதன் பின்பக்கத்தைச் சுடுதண்ணீரால் கழுவிக் கழுவித் துடைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இருக்கவில்லை, தேவையும் படவில்லை. புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கன்றின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

வீட்டுக்காரி கொப்பியைக் கேட்டார். பதினேழாம் இலக்கத்தின் வரியில் விரலை வைத்து ஐந்து கட்டங்களையும் பார்த்தார். முதல் பால் குடித்த கன்று ஏன் இப்படிப் போனது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ‘காரணம் தெரியவில்லை’ என்று வரியின் முடிவில் எழுதினார். என் தோளில் கையை வைத்து, நீ ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய், உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்றார். அப்பா பக்கத்தில் நின்றார். “பாவம், என்ன வருத்தமோ” என்றார் தமிழில், யாரிடம் என்றில்லாமல்.

பதினேழாம் இலக்கம் மூன்று நாள் கத்தியது. அப்பா ஜன்னலைச் சாத்தினார். கன்றில்லாத பசுவுக்கு அந்தப் பண்ணையில் தீனி இல்லை. மேய்ச்சல் நிலம் பச்சையானபோது அதை லொறியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பினார்கள். கதவு மூடும் சத்தத்தை நான் கட்டிலில் கிடந்து கேட்டேன். அங்கிளின் கந்தோரில் அப்பாவுக்கு இடம் வரவேயில்லை.

அன்றிலிருந்து என் கோபத்துக்கும் ஒரு பட்டியல் இருந்தது. முதலாவது அப்பா, பகிடி விட்டதற்கு. இரண்டாவது அங்கிள், இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதற்கு. அடுத்தது வீட்டுக்காரி, என்னைத் திட்டாததற்கு. கடைசியில் நான். வயது ஏற ஏற வரிசை மாறியது. சில வருடங்கள் நானே முதலாவதாக இருந்தேன். அப்பாவுடன் சண்டை பிடித்த நாட்களில் அவர் முன்னேறுவார். அம்மாவை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. கன்றின் பின்பக்கத்தைக் கழுவியவர் அவர் ஒருவர்தானே.

இப்போது நான் ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் முதல் பால் மாதிரிகள் சில சோதனைக்கு வந்தன. கன்று ஒருவாய்கூடக் குடிக்காத மடியிலிருந்து எடுத்தவை ஒரு வரிசை. கன்று குடித்த பிறகு எடுத்தவை மற்ற வரிசை. பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியை விட்டுப் பார்த்தேன். முதல் வரிசையில் அது இறங்க மறுத்து மேலேயே நின்றது. கருவியே தேவையில்லை. கிளாஸைச் சரித்தாலே தெரிகிறது. ஒன்று கயிறுபோல் இறங்குகிறது, மற்றது சொட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடப் படிப்பும் ஒரு வெள்ளைக் கோட்டும் தேவைப்பட்டன. ஏழு வயதிலிருந்து கறந்தவருக்கு ஒரு கரண்டி போதும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பா முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கண்டு குடிக்கேல்லை எண்டு அண்டைக்கு உங்களுக்குத் தெரியும், என்னம்மா?”

எந்தக் கண்டு என்று அவர் கேட்கவில்லை. துவாய் ஒன்றை நான்காக மடித்தார். அதை எட்டாக மடித்தார்.

“நான் உன்னைக் கேட்டனான்தானே” என்றார். “நீ ஓம் எண்டு சொன்னனியெல்லே.”

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். விருந்தாளிகள் வரும் நேரத்தில் புருஷனின் சொல்லை மறுக்க ஒரு பெரிய மனுஷிக்கு முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மறுக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பிள்ளை ஓம் என்றதும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு அடுப்பை மூட்டியிருக்கிறார். பால் அப்போது சூடு படாமல் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு போத்தலும் சூப்பியும் இருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தொழுவம் பத்து அடி தூரம்.

எதையும் எண்ணி வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது. ஓர் அடுப்பை மூட்ட அம்மா இரண்டு தீக்குச்சி செலவழித்தார் என்பதையும் எண்ணியிருந்தேன். நான் பதில் சொல்லும்வரை முதல் குச்சியை ஏன் வீணாக எரியவிட்டார் என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை.