ஹந்தானை வளைவில் ஏறிக்கொண்டவன்

போன வாரம் கண்டி நகரில் ஒரு வணிக வளாகத்தின் கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று என் கையைப் பிடித்து, "என்ன ஆன்ட்டி, சீனி குறைஞ்சிட்டா?" என்றாள். சீனியில்லை அம்மா, பழைய பயம் என்று முன்பின் தெரியாத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

உங்களிடம் சொல்லலாம். நான் அடிப்படையில் பயந்தாங்கொள்ளி. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கப் போன முதல் நாளே கையிலிருந்த சுண்ணக்கட்டி ஈரமாகிவிட்டது. "நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கோங்க" என்றேன். பின்வரிசையில் ஒருவன் "நாற்காலியாம்!" என்றான். இங்கே அது கதிரை. அன்று முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினேன், அந்தப் பொருளின் பெயரை மறுபடி சொல்ல வேண்டி வந்துவிடக் கூடாதே என்று. வதிவிட விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போகும் காலைகளில் சாப்பாடு இறங்காது. அந்த அதிகாரி ஒருமுறைகூட என்னிடம் கடுமையாகப் பேசியதில்லை. அவர் சிரித்தால் இன்னும் பயமாக இருக்கும்.

இப்படிப்பட்டவளைப் பீடாதிபதி ஆக்கினார்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் டீன். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை என்பதுதான் உண்மை. வந்த கையோடு ஒரு பகிடிவதை விசாரணை, அதாவது ராகிங். முதலாம் வருடப் பிள்ளைகளைச் சில மூத்த மாணவர்கள் அடித்திருந்தார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்க யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர் என் பெயரை முன்மொழிந்தார். "நீங்கள் வெளியாள் எல்லோ. உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. நீங்கள் இருந்தால்தான் சரி" என்றார். அடித்தவர்களை இடைநிறுத்தி நான் கையெழுத்துப் போட்டேன். மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தை முற்றுகையிட்ட அன்று அவருக்குக் காய்ச்சல்.

மத்தியானம் தொடங்கியது. கூட்ட அறைக்குள் ஆண்கள் சிலரும் நானும். வெளியே நீண்ட நடை முழுக்க மாணவர்கள். 'ஹூ' என்று ஒரே குரலில் ஊளையிட்டார்கள். கதவு அதிர்ந்தது. பிறகு மின்சாரம் போயிற்று. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிங்களத்தில் என் பெயரைச் சொல்லி யாரோ, "இந்தியாவுக்குப் போ" என்று கத்தினான்.

எனக்கு அப்போது வேறொரு அவசரம். காலையிலிருந்து பதற்றத்தில் தேநீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன். பெண்கள் கழிப்பறை நடையின் அந்தக் கோடியில். கால்மேல் கால் போட்டு, சூத்திரங்களை மனத்துக்குள் சொல்லி, எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? கடைசியில் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். "மேடம், வேணாம்" என்று பின்னால் குரல் கேட்டது. முன்னால் முகங்கள். சுவர் மாதிரி நின்றார்கள்.

"எங்க போகணும் மேடம்?"

லோகநாதன். என் இரண்டாம் வருட மாணவன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருகிறவன். வகுப்பில் வாயே திறக்காதவன். நான் நடைக்கோடியைப் பார்த்தேன். புரிந்துகொண்டான்.

"வாங்க. எம் பின்னாலயே வாங்க." இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, "இட தென்ன, இட தென்ன" என்று சிங்களத்தில் வழிவிடச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். ஊளை காதுக்குள் வந்து விழுந்தது. யாரோ என் சேலைத் தலைப்பை மிதித்துவிட்டான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். காலையில் கழுவிய தரை, பினாயில் வாடை. அங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கதவுக்கு வெளியே அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மறுபடி கூட்ட அறை வரை கூட்டிவந்து விட்டான்.

மாலையில், தண்டனையை மறுபரிசீலனை செய்வதாக மேலிடம் வாக்குக் கொடுத்ததும் கூட்டம் கலைந்தது. அடுத்த வாரம் லோகநாதன் ஒரு கண் வீங்கி வகுப்புக்கு வந்தான்.

"படியில விழுந்துட்டேன் மேடம்."

அதற்கடுத்த வாரம் வரவேயில்லை. நான் ஹந்தானைக்குப் போனேன். லயத்து வாசலில் அவன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "படிப்ப நிப்பாட்டச் சொல்லிட்டேன் மேடம். வர்ற வழியில மறிச்சி அடிச்சிருக்காய்ங்க. படிக்காட்டியும் பரவால்ல, புள்ள உசுரோட இருக்கட்டும்."

"காலையில நான் வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றது என் வாய். நான் அதற்கு அனுமதி கொடுத்ததாக நினைவில்லை. வீட்டில் கணவர், "நீ விசாவுல இருக்கிறவ. யோசிச்சியா?" என்றார். யோசித்தேன். விடிய விடிய அதைத்தானே செய்தேன்.

மறுநாளிலிருந்து ஹந்தானை வளைவில் அவன் ஏறிக்கொள்வான். முதலில் பின் இருக்கையில் குனிந்து உட்கார்ந்தான். பல்கலைக்கழக வாயிலில் கூட்டமாக நிற்பார்கள், ஊளையிடுவார்கள், காரின் மேல் தட்டுவார்கள். எனக்குக் கியர் மாறி விழும். சில நாள் கழித்து அவன், "நான் முன்னால உக்காருறேன் மேடம். ஒளிஞ்சிகிட்டுப் போனா அவங்களுக்குத்தான் சந்தோசம்" என்றான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனும் என்னைப் போலத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு காலை வாயிலில் காரை மறித்துவிட்டார்கள். நான் இடைநிறுத்தி, தண்டனை பாதியாகக் குறைக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்த நெட்டையன் ஒருவன் கண்ணாடியில் தட்டினான். லோகநாதன் கதவுப் பிடியில் கை வைத்தான். நான் கண்ணாடியை இறக்கினேன். அந்த நெட்டையன் குனிந்து, தாழ்ந்த குரலில், தான் தவறவிட்ட பரீட்சையை மறுபடி எழுத எங்கே விண்ணப்பிப்பது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வா" என்றேன். வந்தான். கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். அவனும் பரீட்சை எழுதினான். வாயிலில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனாலும் லோகநாதனின் கடைசிப் பரீட்சை முடியும் வரை அந்த வளைவில் நான் காரை நிறுத்தாத நாளில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகிவிட்டன. பணக்கஷ்டக் காலம் வந்து நாட்டை உலுக்கியதில் என் துறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். பாடம் நடத்த ஆளில்லாமல் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். விரிவுரையாளர் அறைகள் பலவற்றின் கதவில் பூட்டு. லோகநாதனும் அங்கேதான் கற்பித்துக்கொண்டிருந்தான். இப்போது கனடாவில் இருக்கிறான்.

அவன் அம்மா மாதம் ஒருமுறை எனக்கு ஃபோன் செய்வார். போன முறை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவன் திரும்பி வருவானா மேடம்? நீங்களும் ஊர விட்டு வந்தவுங்கதானே, உங்களுக்குத் தெரியும்."

வருவான் என்று சொல்ல வாயெடுத்தேன். "அவன்கிட்டயே கேட்டுச் சொல்றேன்மா" என்றேன். திருநெல்வேலியில் என் அம்மா, ஃபோனை எடுத்ததும் "எப்ப வர்றே?" என்றுதான் தொடங்குவாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் ஃபோன் செய்யாமல் தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. அம்மா போன பிறகு அந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள். நான் எப்போது வருவேன் என்று கேட்க அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.