தோப்புக்குள் நின்ற புள்ளி

பல்லடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். சாயங்காலம் கம்பெனி வேன்தான் எங்களை ஊர் ஊராக இறக்கிவிடும். பெற்றவர்கள் பயமில்லாமல் அனுப்பட்டும் என்று, வேன் போகும் இடத்தைக் காட்டும் லிங்க்கை எல்லா வீட்டுப் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். என் அப்பாவுக்கு அது போதாதா? குண்டடம் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, நகரும் புள்ளியைக் காட்டி, "என்ற பொண்ணு வண்டி வந்துட்டு இருக்குதுங்க" என்று தினமும் பெருமையடிப்பார்.

ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு, காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டது. வேனில் மிச்சம் நானும் டிரைவர் அண்ணனும்தான். தென்காசிப் பக்கத்துக்காரர், பெண் குழந்தைகளைப் பெற்றவர். ரோட்டிலேயே காத்துக் கிடந்தோம். அப்பாவின் போனில் புள்ளி மட்டும் ரோட்டை விட்டு இறங்கி, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போய் நின்றிருக்கிறது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"தோப்புக்குள்ள உனக்கென்ன வேலை?" வீடு வந்து சேர்ந்ததும் அப்பா கேட்டார்.

லாரியைச் சொன்னேன். அழுதேன். அம்மாவின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"மேல இருந்து பாக்கற சேட்டிலைட்டு பொய் சொல்லுமா?" என்றார் அப்பா. பெற்ற மகள் சொல்லுவாள், அது சொல்லாதாம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

அப்பா கம்பெனிக்குப் போய்ச் சத்தம் போட்டார். டிரைவர் அண்ணன் வேலையை இழந்து, குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார். என் வேலையும் நின்றது. அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. வாய்த்தவர் நல்ல மனுஷன், அது என் அதிர்ஷ்டம். அப்பாவிடம் மட்டும் அதற்குப் பிறகு வாய்விட்டுப் பேச எனக்கு வரவில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரரின் சரக்கு வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்ட ஒருவர் வந்தார். அப்பாவும் எங்கள் வீட்டில் இருந்தார்.

"பொழுது சாஞ்சா சில நாள் வண்டிய வேற எடத்துல காட்டுமுங்க. பயந்துக்காதீங்க" என்றார் வந்தவர். "வானத்துல ரொம்ப மேல, மின்சாரம் ஏறுன அடுக்கு ஒண்ணு இருக்குதுங்க. இருட்டற நேரத்துல அது கலங்குச்சுன்னா சேட்டிலைட் சிக்னல் தடுமாறிப்போயிருமுங்க. நம்ம பக்கம் அது ஜாஸ்தி."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஜிபிஎஸ்காரர் போனதும் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கே இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே கண்ணு."

"நான் சொன்னனுங்கப்பா" என்றேன்.