ஷெட்டில் தொங்கிய மழைக்கோட்டு

பருப்புவடையில்தான் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்!

போன மாதம் கொல்லங்கோட்டிலிருந்து, ப்ளஸ் ஒன் படிக்கும் மகளோடு உடும்பஞ்சோலைக்குப் போயிருந்தேன். அங்கே மலையில் தோழியின் ஏலக்காய்த் தோட்டம். வழியில் ஒரு டீக்கடை, ஆளுக்கொரு வடை. தோட்டத்தில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டில் ஒரு மழைக்கோட்டு தொங்கியது... எடுத்து மகளுக்கு மாட்டினேன்.

“ஒரு மாதிரி நாறுதும்மா.”

“நாறுனா நாறீட்டுப் போகுது. நனஞ்சீன்னா சளி புடிச்சுக்கும்.”

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு டீக்கடைக்குத் திரும்புவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது — அந்தக் குளிரில்! வாயில் எச்சில் வழிந்தது. கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கியிருந்தது.

“ஏனுங்க, என்ன எண்ணெயில சுட்டீங்க?” கடைக்காரரிடம் கத்தினேன்.

“அதே வடையத்தாம்மா நானும் தின்னேன். மொதல்ல புள்ளைய என் ஜீப்புல ஏத்துங்க” என்றவர் சட்டென நின்றார். “இந்தக் கோட்ட எங்கன எடுத்தீக? பூச்சிமருந்து அடிக்கிறவுக போடுறதுல்ல இது! கழட்டுங்க, கழட்டுங்க!”

உள்பக்கம் ஈரமாகத்தான் இருந்தது. மழை ஈரம் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டு உடம்பெல்லாம் கழுவி, ஊசிமேல் ஊசி. இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டர் சொன்னது என் காதில் ஏறியது.

‘அசை’ என்று தசைக்கும், ‘சுர’ என்று சுரப்பிக்கும் சொல்ல, நரம்பு நுனி ஒரு ரசாயனத்தை அனுப்புகிறதாம். சேதி சேர்ந்ததும் அதை வெட்டிப்போட ஒரு என்சைம் காத்திருக்கிறது. என்சைம் என்றால்? உடம்பு தானே செய்துகொள்ளும் புரதம். மெதுவாக நடக்க வேண்டியதை நொடியில் முடித்துவிட்டு, தான் தேயாமல் அடுத்ததற்குத் தயாராகிவிடும். சோற்றைச் செரிக்க ஒன்று, பாலைச் செரிக்க ஒன்று... ஒன்றின் வேலையை இன்னொன்று தொடாது.

“அந்த என்சைமோட வாயில பூச்சிமருந்து போய் அடைச்சுக்கும். வெட்ட ஆளில்லை. உத்தரவு நிக்காம போயிட்டே இருக்கும். வேர்வை, எச்சில்... கடைசியில மூச்சு. பூச்சி சாகறதும் இப்படித்தான்.”

பூச்சிக்கும் என் பெண்ணுக்கும் ஒரே மாதிரி என்சைமா!

பிழைத்துவிட்டாள். ஜீப் ஓட்டிய வடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் இப்போது எதையும் நம்புவதில்லை — ஏலக்காய், கறிவேப்பிலை, பக்கத்து வீட்டுச் சால்வை... எல்லாவற்றையும் முகர்கிறேன். ஊரையே சந்தேகப்பட்டு என்ன? கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டது எந்தக் கை?

நேற்று மகள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது மழை. குடையை நீட்டினேன். வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விரித்தாள்.

நல்ல பழக்கம்தான் — என்னிடமிருந்து வாங்கும்போது ரொம்பவே!