வலி விட்ட பிறகு

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பேருந்து ஓட்டுபவர் சென்றாயன். ஒரு நாள் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, மறுநாள் மலை ஏறுவதற்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கிக் குத்தியது. வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துவிட்டு ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சாமை மூட்டைகளோடு ஆட்கள் ஏறி, வண்டி மலையிறங்கத் தொடங்கியதும் வலி சட்டென்று விட்டது. அவருக்கு அழுகையே வரும்போலிருந்தது, அவ்வளவு நிம்மதி.

நடத்துநர் அறிவழகன் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தார். "என்னாங்கண்ணா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"இப்பதான் அறிவு, வலி விட்டுச்சு."

சொன்னாரே தவிர, உடம்பு குளிர்ந்தது. அகலமான ஓர் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"முடியல. இத்தினி பேர வெச்சிக்கினு ஓட்டக் கூடாது."

பின்னால் வந்த ஜீப்பில் அவரை ஏற்றினார்கள். அரூரிலிருந்து ஆம்புலன்ஸ் தர்மபுரிக்குக் கொண்டுபோனது.

அறுவை மருத்துவர் ஜாஸ்மின் தொட்டுப் பார்த்தபோது வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. ஸ்கேன் எடுத்ததும் சென்றாயனின் மனைவி கலைமதியைக் கூப்பிட்டார்.

"குடல்வால் வெடிச்சிருச்சுங்க. வலி விட்டுச்சுன்னாரே, அப்பதான் வெடிச்சிருக்கணும். உள்ள சீழ் பரவிட்டிருக்கு."

"வயித்தக் கிழிப்பீங்களா?"

"மூணு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, குடல்வால எடுத்துட்டு உள்ள கழுவிடலாம்னு பாக்கறோம். முடியலன்னா திறக்கணும். ரெண்டுக்கும் சம்மதம் வேணும்."

கலைமதி கையெழுத்துப் போட்டாள். திறக்க வேண்டி வரவில்லை.

ஆனாலும் சீழ் வடியும் குழாய் பக்கவயிற்றில் தொங்கியது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பார்க்க வந்த மச்சான் பிளாஸ்திரிகளைப் பார்த்து, "இவ்ளோதானா மாமா? நாளைக்கே வண்டி எடுக்கலாம் போல" என்றான். சென்றாயனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனூண்டு காயத்துக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லையே என்று மருத்துவரிடமே கேட்டார்.

"காயம் வெளியதான் சின்னதுங்க. உள்ள பட்டது பெருசு."

அதற்குப் பிறகும் அவர் மனதில் உறுத்தியது காயமல்ல, மலையில் கிடைத்த அந்த நிம்மதி. வலித்தால் கெடுதல், விட்டால் குணம் என்றுதான் இதுவரை உடம்பை நம்பியிருந்தார். அந்த நிம்மதியை நம்பி இன்னும் சில வளைவுகள் ஓட்டியிருந்தால்? வண்டி நிறைய ஆட்கள்.

கலைமதியிடம் ஒருமுறை சொன்னார். அவள், "நிறுத்துனீங்க இல்ல, அப்பறமென்ன" என்றாள்.

ஓய்வு முடிந்து மீண்டும் சித்தேரிக்கு ஓட்டியபோது, வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடிக்கையில் பக்கவயிறு இழுத்தது. மெதுவாகவே ஏறினார். தாமதமாகிறதென்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.