முதல் பெயர் மாமாவுக்கு

எங்கள் பக்கத்து வானொலி நிலையம் எப்படியெல்லாம் மாறியது என்று யாராவது கேட்டால், நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்வேன். முதலில் அது பருத்திக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நேயர்களின் தபால் அட்டைகளைப் படித்துப் பாட்டுப் போட்டது. அடுத்து, போனில் கேட்டால் போட்டது. இப்போது பண்பலையாகி நாள் முழுக்கப் பாட்டும் சிரிப்புமாக ஓடுகிறது. ஓடட்டும். அந்தப் போன் காலத்தில் அதில் பேசியவள் எங்கள் அம்மா!

தபால் அட்டைக் காலத்தில் எங்கள் பெரிய மாமாவின் கொடிதான் பறந்தது. அம்மாவின் அண்ணன்; கழுகுமலைக்காரர். வாரம் தவறாமல் அட்டை போடுவார். பாட்டுக்கு ஒரு வரி, மீதி அட்டை முழுக்கச் சொந்தக்காரர்கள். முதல் பெயர் எப்போதும் அம்மாவுடையது. அதைப் படிக்கும்போது அம்மா கை வேலையை நிறுத்த மாட்டாள். ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டிவைத்திருப்பாள்.

அப்புறம் அக்கா பெரியவளாகிச் சடங்கு வந்தது. பத்திரிகை அடித்தது அப்பா. தாய்மாமன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்பது கோவில்பட்டியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பாவோ, தான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் பெயரை மேலே ஏற்றி, மாமாவைக் கீழே இறக்கிவிட்டார். மாமா சீரோடு வந்தார். செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அம்மா இலையைப் போட்டுவைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் மாமாவின் அட்டைகளை வானொலியில் படித்தார்கள். அம்மா பெயர் மட்டும் அதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சத்தத்தைக் கூட்டுவாள். பெயர்கள் முடிந்ததும் குறைத்துவிடுவாள். அப்பா சரியாக அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான், இனி அட்டை வேண்டாம், போனில் கேளுங்கள் என்று நிலையத்தில் அறிவித்தார்கள். "பெறவு எம் பேரு எங்கன வரப்போவுது?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள்.

எத்தனையோ தடவை சுழற்றியபின் லைன் கிடைத்தது. பூத்துக்காரர் தன் ரேடியோவை அலறவிட்டிருந்தார். "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா" என்று அறிவிப்பாளர் கெஞ்சினார். பிறகு, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். வீட்டுக்கு வேற்று ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற எங்கள் அம்மா, மூச்சு விடாமல் சொன்னாள்:

"மொதல்ல கழுகுமலையில இருக்க எங்க அண்ணாச்சிக்கு. எங்க வீட்டு விசேஷம் எதுன்னாலும் அவிய பேருதான் மொதல்ல. பெறவு எங்க மதினிக்கு, அவிய பிள்ளேளுக்கு..."

"சரிம்மா, என்ன பாட்டு வேணும்?"

"எதையாவது போடுங்க சார்."

பூத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வீடு திரும்பும்போது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "ஏலே, ரேடியோக்காரி வாரா!" என்று கேலி வேறு. அம்மா நிமிர்ந்து நடந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே கோபமும்தான். பக்கத்திலேயே நின்ற என் பெயரை ஏன் சொல்லவில்லை?

அதற்கடுத்த ஞாயிறு ரேடியோவில் மாமாவின் குரல். "கோவில்பட்டியில எந் தங்கச்சிக்கு" என்று தொடங்கி அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகுதான் மற்ற பெயர்களைச் சொன்னார். பாட்டையும் சொன்னார். அது தொடங்குவதற்குள் அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"கறி எடுத்துட்டு வாங்க" என்றாள் அப்பாவிடம். அன்று அவர் குளிக்கப் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"யாரும்மா வாரா?" என்றேன்.

"ஒங்க மாமா வாராவ. ஏட்டி, ஓடிப்போயி இலை வாங்கிட்டு வா."

நான் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா பேசியதை நானும்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லையே! மத்தியானம் அவர் கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கி, கை கழுவி, இலையின் முன்னால் உட்கார்ந்தபோதும் எனக்கு அது விளங்கவில்லை.