சூடை மீன் வாங்காத வருடம்

விழுவது வெறும் கண்ணாடியாக இருந்தால் விலகி நிற்க வேண்டும் என்கிற அறிவு எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு விழுந்தது திரு இருதயப் படம். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கதிரையில் ஏறி நின்று, தூசி தட்டலாம் என்று சுவரிலிருந்து படத்தைக் கழற்றினேன். கை வழுக்கிவிட்டது. ஆண்டவரைத் தரையில் விழ விடலாமா? எட்டிப் பிடித்தேன். படம் விழவில்லை. சட்டத்திலிருந்த கண்ணாடி மட்டும் உடைந்து, என் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு போனது.

வீட்டில் நானும் என் கணவரும்தான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசன். நீரிழிவு அவருடைய கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டது. எதிரில் ஆள் நின்றால் நிழல் தெரியும், முகம் தெரியாது. என் சத்தம் வந்த பக்கம் ஓடிவந்து, தடவிப் பார்த்து, தோளில் கிடந்த துவாயால் கையை இறுக்கிக் கட்டினார்.

"கனக்க ரத்தமே?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான்" என்றேன். அப்போது அவருடைய கால் அதே ரத்தத்தில் வழுக்கியது. உடனே வாசலுக்குப் போய் ஓட்டோவுக்குக் கத்தினார்.

சத்திரசிகிச்சை முடிந்த அடுத்த நாள் டொக்டர் கட்டிலருகே வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். விரலை மடக்குகிற தசைநார்கள் அறுந்திருந்தன, தைத்தாயிற்று. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பும் அறுந்திருந்தது, அதையும் தைத்தாயிற்று.

"நார் பிடிச்சிடும் அம்மா. விரல் மடங்கும். நரம்புதான், மணிக்கட்டிலயிருந்து விரல் நுனி வரைக்கும் வளந்து வரோணும். மாதக்கணக்கா ஆகும். வந்தாலும் பழையபடி வருமெண்டு சொல்ல ஏலாது."

விரல் மடங்குமாம் என்று என் பக்கத்தில் நின்ற இவர் சந்தோசப்பட்டார். என்னால் சந்தோசப்பட முடியவில்லை. டொக்டருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது.

இவர் பிறந்தது கடற்கரை ஊரான சாம்பல்தீவில். சூடை மீன் இல்லாத மத்தியானச் சோறு இவருக்குச் சோறே இல்லை. சூடையிலோ மயிர் மாதிரி முள். கண் மங்கிய நாளிலிருந்து இவருடைய மீனுக்கு முள் எடுப்பது என் வேலை. அதைக் கண்ணால் செய்கிறவர்களும் இருக்கலாம். நான் விரலால்தான் செய்வேன். சதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினால் எந்த முள்ளும் ஒளிக்க முடியாது. நான் எடுத்துப் போடப் போட, இவர் துறைமுகத்துப் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு யோசனையில்லாமல் சாப்பிடுவார். அந்த யோசனையில்லாத சாப்பாடு எனக்குப் பிடிக்கும். இப்போது அந்த விரல்கள்தான் மரக்கட்டையாகிக் கிடந்தன.

முதல் ஆறு கிழமை மணிக்கட்டை மடித்து மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். இடக்கையால் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. இவர் குழைத்து ஊட்டினார். ஒவ்வொரு கவளமும் மாங்காய் அளவு. முதல் நாள் பாதிச் சோறு என் மூக்கில். "நான் என்ன மாடோ, இவ்வளவு பெரிசா உருட்டுறீங்கள்?" என்று சீறினேன். "வாயைத் திறந்து சத்தம் போடும், அப்பத்தான் எனக்கு இடம் தெரியும்" என்றார். கோபத்தோடு தொடங்கிய எனக்குச் சிரித்துப் புரைக்கேறியது.

கட்டு அவிழ்த்த பின் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு மிஸ்தான் பயிற்சி தந்தார், எனக்கு மகளாகிற வயதிருக்கும். விரல்கள் மெதுவாக மடங்கின. தவக்காலம் வந்தபோது கரண்டி பிடித்துச் சமைக்கவும் முடிந்தது. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சூடை வாங்கிக் குழம்பு வைத்தேன். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று உற்றுப் பார்த்து முள் எடுத்து அவருடைய சோற்றில் வைத்தேன்.

மூன்றாவது கவளத்தில் பேச்சை நிறுத்தினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னேன், முதுகில் தட்டினேன், கெட்ட வார்த்தையால் மீனைத் திட்டினேன், கன்னி மரியாளைக் கூப்பிட்டேன். கடைசியில் முள் இறங்கிவிட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"இஞ்சரும், எனக்கு உண்மையில மீன் வெறுத்துப் போச்சு. இனிக் கணவாயைக் கிணவாயைப் பாப்பம்."

கணவாயில் முள் இல்லை, அதுதான். பச்சைப் பொய். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும். சாம்பல்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரர் ஒழுங்கையில் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் இவர் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நான் குசினிக்குள் நின்று அழுவேன். ஒரு நாள் அப்படி அழுதுகொண்டிருந்தபோது தீய்ந்த மணம் வந்தது. குனிந்து பார்த்தால், சூடான தாச்சிச் சட்டியின் விளிம்பில் என் சுட்டுவிரல். கொப்பளம் போட்ட பிறகும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கைப்பயிற்சியில் ஒரு சோதனை இருந்தது. கண்ணை மூடச் சொல்லி மிஸ் ஒவ்வொரு பொருளாக விரலில் வைப்பார்: சாவி, பொத்தான், பஞ்சு, குத்தூசி. என்னவென்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிழமையும் அதே ஒழுங்கில் வைக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டேன். பாடமாக்கி ஒப்புவித்தேன். இத்தனை வருடம் ஓர்ஸ் ஹில் கந்தோரில் கோப்பு இலக்கங்களை மனதில் வைத்து வேலை பார்த்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? மிஸ்ஸும் தலையாட்டித் தலையாட்டி எழுதினார். அந்தச் சந்தோசத்தை வீட்டுக்கும் கொண்டுபோனேன். "இண்டைக்கு எல்லாம் சரி" என்பேன். அவருடைய முகம் மலரும்.

ஒரு நாள் கண்ணை மூடியதும் மிஸ் கேட்டார்: "அன்ரி, இப்ப என்ன வச்சிருக்கன்?"

"சாவி."

"நல்லாத் தொட்டுப் பாருங்க."

"சாவிதான் பிள்ளை."

"கண்ணத் திறங்க அன்ரி."

திறந்தேன். விரலில் ஒன்றுமே இல்லை. சாவி மேசையில் கிடந்தது. ஏச்சு வாங்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். மிஸ் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"யார ஏமாத்துறீங்க?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவருடைய கண், சூடை மீன், தொண்டையில் சிக்கிய முள், எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்குக் கொட்டிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கோப்பை அரிசி கொண்டுவந்து வைத்தார். அதற்குள் பொத்தான்களைப் புதைத்தார். "வீட்டயும் இதச் செய்யுங்க. கண்ண மூடி. கண் உதவி செஞ்சா விரல் படிக்காது."

அன்றிலிருந்து காலையும் மாலையும் அரிசிக்குள் கையை விட்டுக்கொண்டு இருந்தேன். பொத்தான்களைப் புதைப்பது இவருடைய வேலை. சில நாட்களில் ஒன்றுகூடக் கிடைக்காது. அரிசிக் கோப்பையை எறியப் பார்ப்பேன். "எறியாதையும், பிறகு நான்தான் தடவித் தடவிப் பொறுக்கோணும்" என்பார். மாதங்கள் போக, மணிக்கட்டில் தட்டினால் உள்ளங்கையில் மின்சாரம் போல் ஏதோ ஓடியது. பிறகு விரலின் அடியில் ஓடியது. நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்றார் மிஸ். நுனிவரை வருமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்த நத்தாருக்குத் திரு இருதயப் படத்தைக் கண்ணாடியில்லாமல் மாட்டினோம். "இனி விழுந்தால் விழட்டும், விடும்" என்றார் இவர். "ஆண்டவர் செத்தும் எழும்பினவர். உம்மட கைக்கு அந்த வரம் இல்லை."

மறுபடி தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மீன்காரர் ஹோர்ன் அடித்தபோது நானே வெளியே போனேன். குழம்பு கொதிக்கும்போதே இவருக்கு மணம் பிடிபட்டுவிட்டது. வந்து மேசையருகே கதிரையில் இருந்தார். சூடையொன்றைப் பிய்த்து முன்னால் வைத்தேன். கண் மீனையே குத்திட்டுப் பார்த்தது. போன வருடத்து இருமல் காதில் கேட்டது. சதையை எடுக்காமல் நின்றுவிட்டேன்.

"ஏன் நிண்டிட்டீர்?"

"பயமாக் கிடக்கு."

"கண்ணை மூடும்" என்றார். "நான் எத்தினை வருசமாக் கண் தெரியாமத் திண்டனான். ஒரு மீனுக்கு நீர் மூடிப் பாரும்."

மூடினேன். சதையை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை உருட்டினேன். சுருக்கென்று இருந்தது.

"ஆ!"

"என்னடியப்பா?"

"குத்திப்போட்டுது."

"எங்க?"

"சுட்டுவிரல். நுனியில."

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். குழம்பும் சோறுமாக இருந்த அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நோகுதோ?" என்று கேட்டார்.

"ஓம், நோகுது" என்றேன். சொல்லிவிட்டு விம்மினேன். "நல்லா நோகுது."

பிறகு நான் மூடிய கண்ணைத் திறக்காமலே அந்த முள்ளையும், அதற்குப் பக்கத்தில் ஒளித்திருந்த இன்னொன்றையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சதையை அவருடைய சோற்றில் வைத்தேன்.

"மீன் வெறுத்துப் போச்சு எண்டீங்கள்?"

"ஓம், எண்டனான்" என்றார். கவளத்தை யோசனையில்லாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி அறுந்த பழைய கதையைத் தொடங்கினார்.