அப்படியே பிடிச்சிக்கினு இருங்க

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் ஜவ்வாது மலைக்கு ஏறி வந்து தனசேகரனையே கேட்டுக்கொள்ளலாம். மனுஷருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் எப்போதோ பஞ்சாயத்துத் தலைவர் ஆகியிருப்பார்.

மனைவி சம்பூர்ணம் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. போளூரில் வேலை பார்க்கும் மகன் அருண்ராஜ் எப்போதாவது ஃபோன் பண்ணுவான். மற்றபடி பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒருநாள் அவன்தான் ஃபோனில் சொன்னான்:

"டிவி கோபுரத்துலேர்ந்து வர்ற பழைய ஒளிபரப்ப நிறுத்திட்டாங்கப்பா. அந்த அலைவரிசைய ஃபோனுக்குக் குடுக்கப் போறாங்களாம். மாடில கீற ஆன்டெனாவ கழட்டிடு. நாளைக்கு டிஷ் மாட்ட ஆள் வர்றான்."

அன்று சாயங்காலம் தூறல். தனசேகரன் ஏணி போட்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்புவது எப்போதும் அவர் வேலை. படம் வருகிறதா என்று உள்ளேயிருந்து கத்துவது சம்பூர்ணத்தின் வேலை. சனியன் பிடித்த ஆன்டெனா, அவர் கை பட்டால்தான் படம் தெளியும். ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் பாதியை மனுஷர் மாடியில் நின்று காதால்தான் பார்த்தார்.

கழற்றுவதற்காகக் கம்பத்தை அசைத்தார். கிரீச்...

"இன்னும் கொஞ்சம்..."

கீழேயிருந்து. ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து.

அவர் கால் நகரவில்லை. பழகிய கை மட்டும் தானாகத் திருப்பியது. கிரீச்...

"ஆங், வந்துடுச்சு! அப்டியே புடிச்சிக்கினு இருங்க. உட்டுடாதீங்க."

சம்பூர்ணத்தின் குரலேதான்.

அவர் கம்பத்தை விடவில்லை. விட்டால் அவள் போய்விடுவாள். அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மழை வலுத்தது. இருட்டியது. விரல்கள் மரத்துப்போயின.

"சம்பூர்ணம்... உள்ளாற கீறியா?"

சிரிப்பு மட்டும். படம் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

கை வழுக்கியது.

"போச்சு..."

அவள் குரல் அவ்வளவுதான்.

விழுந்தடித்து இறங்கி ஓடினார். வீடு காலி. டிவியின் பிளக் சுவரில் செருகவே இல்லை. தனசேகரன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

காலையில் பக்கத்து வீட்டு கோபால் வந்தான்.

"மாமா, நேத்து உங்க டிவில இன்னா படம் அது? ஜன்னல் வழியா பாத்தேன்."

"இன்னாடா தெரிஞ்சுது?"

"ஒருத்தன் மழைல மாடி மேல கம்பத்தப் புடிச்சிக்கினு நிக்கிறான். ரொம்ப நேரம் அதேதான். மூஞ்சியே காட்டல, வெறும் முதுகு..."

கோபால் தன் தோளைத் தொட்டுக் காட்டினான்.

"பின்னாலயே ஒட்டி நின்னு படம் எடுத்துக்கீறாங்க மாமா."